கேரவனுக்கு ஒரு ஃபயர்மேன்

அப்பாவிடமிருந்து கார்ச் சாவியைப் பிடுங்க வேண்டும். எழுபத்தைந்தாம் வருஷம் ஆகஸ்ட் மாதத்து மூன்று நாள் விடுமுறையில் நான் கேரவனோடு கிளம்பியது அதற்காக மட்டும்தான். எனக்கு ஏரியும் பிடிக்காது, கொசுவும் பிடிக்காது, ஒரு தகரப் பெட்டிக்குள் மூன்று பேர் அடுக்கிப் படுப்பதும் பிடிக்காது.

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். மே மாதம் எங்கள் கட்டடத்து வாசலில் இருந்த தபால் பெட்டியில் காரை இடித்தார். "பெட்டிய ஓரமா வைக்கத் தெரியல இவனுங்களுக்கு" என்றார். ஜூன் மாதம் லிஃப்டில் ஒரு கிரேக்கக் கிழவரைப் பார்த்து, "என்ன சிற்றம்பலம், ஊருக்குக் கடுதாசி போட்டீங்களா?" என்று விசாரித்தார். சிற்றம்பலம் எங்கள் மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். கிரேக்கக் கிழவரைவிட ஒரு முழம் குட்டை, தலையில் ஒரு முடி கிடையாது. கிரேக்கருக்கோ தோள்வரை வெள்ளை முடி.

"கண் டாக்டர்கிட்டப் போலாம்ப்பா" என்றால் ஒரே பதில்தான்.

"எனக்கு ஏ-ஒன் பார்வை. ரயில்வே டாக்டர் கைப்பட எழுதினது."

"அது எப்போ?"

"எப்போவா இருந்தா என்ன? ஏ-ஒன் ஏ-ஒன்தான்."

அப்பா மாசிலாமணி மெயில் ரயில் டிரைவர். ஜோலார்பேட்டையில் எங்களுக்கு வீடு. அவருக்கு இன்ஜின்தான் வீடு. வாழ்நாள் முழுக்க டிரைவர்கள் தங்கும் வெளியூர் ரன்னிங் ரூம்களில் படுத்து எழுந்தார். அம்மா தனியாகப் பிரசவித்தாள், தனியாக வளர்த்தாள். என்னைக் காலேஜுக்கு அனுப்பலாமா என்று உறவுக்காரர்கள் கூடிப் பஞ்சாயத்து வைத்தபோதும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதை வைத்து, கடல் தாண்டி ஸ்கார்பரோவில் ஒரு பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை வாங்கி, அப்பா ரிடையர் ஆனதும் இருவரையும் வரவழைத்தேன். நிம்மதியாக டிவி பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நான் எவ்வளவு படித்திருந்தால் என்ன, அது தப்பு.

வந்த மறுவருஷம் அப்பா லைசென்ஸ் வாங்கினார். இந்த வருஷம் சிற்றம்பலம், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் தன் கேரவனை அவர் தலையில் கட்டினார்.

"உது நல்ல வண்டி பிள்ளை" என்று என்னிடமே வந்து சொன்னார். "ஒரு பிழையும் இல்லை. மனுசிக்கு முதுகு நோ, அதுதான் குடுக்கிறன்."

"எங்கப்பாவுக்கு வயசு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஓம், தெரியும். ரிடையர் ஆன ஆக்கள்தானே உதிலை போறது. வேலைக்குப் போற ஆக்களுக்கு எங்கை நேரம்?"

வெள்ளை நிறம், பக்கவாட்டில் ஒரு பச்சைக் கோடு, உள்ளே இரண்டு பலகைப் படுக்கை, மடித்தால் மேசையாகும் மூன்றாவது படுக்கை, கேஸ் அடுப்பு. அப்பா அதற்குள் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் மாட்டினார். விசில் வாங்கினார். தன் பழைய டிரைவர் தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து படுக்கைக்கு அடியில் வைத்தார். ஜூலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை போயும் வந்துவிட்டார். நான் அந்த நாட்களில் ஆய்வகத்தில் எந்தப் போன் அடித்தாலும் போலீஸ் என்றே நினைத்தேன்.

அதனால்தான் மூன்றாவது தடவை நானும் ஏறினேன். கண் தெரியவில்லை என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டுச் சாவியைக் கேட்பது என்று.

நாங்கள் குடியிருக்கும் வெக்ஸ்போர்டில், கட்டடத்துக் கார் நிறுத்துமிடத்திலிருந்து விசில் ஊதிக்கொண்டு கிளம்பினோம். பழைய ஸ்டேஷன் வேகன், பின்னால் கேரவன். அம்மா முன் சீட்டில், நான் பின் சீட்டில். லாரன்ஸ் அவென்யூவில் முதல் சிக்னல் வந்தது.

"பச்சை" என்றாள் அம்மா.

"பச்சை" என்றார் அப்பா. கார் போனது.

அடுத்ததில், "சிவப்பு."

"சிவப்பு." கார் நின்றது.

"என்னம்மா விளையாட்டு இது?"

அப்பாதான் பதில் சொன்னார். "வெளையாட்டா? இன்ஜின்ல கரி அள்ளிப் போடற ஃபயர்மேன் கைகாட்டியப் பாத்துச் சத்தமாச் சொல்லணும். டிரைவர் திருப்பிச் சொல்லணும். ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாத்தான் வண்டி நகரும். ரூல் அது. ஒங்கம்மாதான் இப்ப ஃபயர்மேன்."

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கே சிரிப்பு வந்தது. கிழடுகளுக்கு ஒரு விளையாட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறியதும் சிரிப்பு நின்றது. இரு பக்கமும் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. ஒவ்வொன்று தாண்டும்போதும் கேரவன் எங்களை வாலைப் பிடித்து ஆட்டியது. பதினெட்டுச் சக்கர வண்டி ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்தது. அப்பா, "சல்யூட் வைக்கறான் பாரு" என்றார்.

அம்மா திடீரென்று ஆரம்பித்தாள். "பச்சை போர்டு வருதுங்க. நாலு எழுத்து. மொதல்ல கூடாரம். அப்புறம் தூண்டில் முள்ளு. மறுபடி கூடாரம். கடைசில வாத்தியார் போடற தப்புக் குறி."

அப்பா யோசித்தார். "அஜக்ஸ்" என்றார்.

"இது என்ன?"

"ஒங்கம்மா இங்கிலீஷ் கத்துக்கறா பாப்பா."

அந்தப் போர்டு எங்கள் வீட்டுச் சுவர் அளவு இருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது. படிக்கத் தெரிந்த மனுஷருக்குப் படிக்கத் தெரியாத மனுஷி எழுத்தை வரைந்து காட்டுகிறாள். இதில் யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள்?

"அப்பா, முன்னால போற லாரியில என்ன எழுதியிருக்கு?"

"வண்டி ஓட்டறவன்கிட்டப் பேச்சுக் குடுக்காத."

"சும்மா சொல்லுங்க."

"லாரில என்ன எழுதுவான்? லாரின்னு எழுதுவான்."

அதில் ஆளுயர எழுத்தில் பால் என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஒரு பசு மாட்டின் படம்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் திரும்பிப் பார்ப்பார். திரும்பினால் என்ன ஆகும்? வாயை மூடிக்கொண்டேன். முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அம்மா பார்க்கும் ஒவ்வொன்றையும் நானும் பார்த்தேன். அவள் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். பிரைட்டன் பக்கத்து ஏரிக்கரைப் பூங்காவில் வண்டி நின்றபோது என் விரல்கள் மடக்கினது மடக்கினபடி இருந்தன.

அங்கேயும் கூத்துத்தான். கேரவனைப் பின்னால் தள்ளி நிறுத்த வேண்டும். அப்பா விசில் ஊதினார். அம்மா இறங்கிப் போய், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கேரவன் சுவரைத் தட்டினாள். ஒரு தட்டு என்றால் வரலாம், இரண்டு தட்டு என்றால் நிறுத்து. பக்கத்து இடத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி, அவர்களும் ரிடையர் ஆனவர்கள்தான், எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்பா இல்லாத தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார்.

இறங்கியதும் சாவியைக் கேட்கலாம் என்று போனேன். அவர் அதற்குள் வேட்டிக்கு மாறிவிட்டார். சாவி எங்கே என்று தேடினால், அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தார். பெற்ற பெண் எப்படி அதைப் பிடுங்குவது?

சாயங்காலம் அம்மா ஏரியில் கால் நனைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளைக் கூப்பிட்டு உள்ளே பலகைப் படுக்கையைத் தட்டிக் காட்டினார்.

"ரன்னிங் ரூம்னா இப்படித்தான் இருக்கும் கனகு. இந்தப் பக்கம் கட்டிலு, அந்தப் பக்கம் கட்டிலு, நடுவுல மேசை. எத்தன ராத்திரி படுத்திருப்பேன், நீ ஒரு தரம் பாத்ததில்ல."

"மூட்டைப் பூச்சி எங்க?" என்றாள் அம்மா.

"அதுக்குத்தான் கொசு இருக்கே."

அம்மா சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. எனக்குத் தெரிந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இதை நான் கெடுக்க வேண்டியிருக்கிறது என்பதால் இன்னும் எரிச்சல்.

மறுநாள் காலை அவர் தனியாகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"அப்பா, உங்களுக்குக் கண் தெரியல. சாவியக் குடுங்க."

துடைப்பது நிற்கவில்லை. "மெயில் டிரைவர்கிட்ட சாவி கேக்கறியா?"

"மெயிலை யார் ஓட்டச் சொன்னா? டாக்டர்கிட்ட வாங்க. புரையா இருந்தா ஆபரேஷன் பண்ணலாம். இங்க எல்லாம் பண்றாங்க."

"டாக்டர்!" துணியைப் பிழிந்தார். "எங்க இன்ஜின் ஷெட்டுல துரைசாமின்னு ஒருத்தன். புலி மாதிரி ஓட்டுவான். பெரம்பூர் ஆஸ்பத்திரில ஒரு டாக்டர் ஒரே ஒரு வரி எழுதினான். மறுநாள்லேர்ந்து துரைசாமி ஷெட்டுல வாளியும் வெளக்கும் எண்ணிட்டு ஒக்காந்திருந்தான். நாங்க இன்ஜின்ல ஏறப்போ எங்க மொகத்தப் பாக்க மாட்டான். டாக்டருங்கறவன் கண்ணப் பாக்கறதுக்கு இல்ல பாப்பா, ஆளக் கீழ எறக்கறதுக்கு."

"யாராவது சாகப் போறாங்க."

"என் சர்வீஸ்ல ஒரு மாடு செத்ததில்ல."

பேச்சு அத்தோடு முடிந்தது.

மூன்றாம் நாள் காலை மாவு பொங்கியது. அம்மா இட்லி மாவை ஒரு தூக்குவாளியில் ஊற்றி, குளிர்ச்சியாக இருக்கும் என்று படுக்கைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். ஆகஸ்ட் வெயிலில் கேரவன் ஒரு அடுப்பு. மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, எங்கும் போகாமல், நேராக அப்பாவின் டிரைவர் தொப்பிக்குள் இறங்கி நிறைந்துவிட்டது. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். தொப்பியிலிருந்து மாவு அவர் முழங்கை வழியாக ஒழுகியது.

"அறிவிருக்கா ஒனக்கு? இது என்ன தொப்பின்னு தெரியுமா? ஒங்கப்பன் வீட்டு இட்லிப் பானையா?"

வெள்ளைக்காரத் தம்பதி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தூக்கை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அவள் பின்னாலேயே ஓடினேன். அம்மா பேச்சை நிறுத்தினால் நிறுத்தியதுதான். என் காலேஜ் விஷயத்தில் அப்பா தயங்கினார் என்று ஒரு ஆடி மாதம் முழுக்க அவரிடம் பேசாதவள். இன்று பகல் நாங்கள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

"அம்மா, கோவம் வீட்டுக்குப் போய் வச்சுக்கோ. வண்டில பேசு."

அவள் பாத்திரத்தை இன்னும் ஓங்கித் தேய்த்தாள்.

"அப்பா, நான் ஓட்டறேன். எங்கிட்ட பழகற லைசென்ஸ் இருக்கு."

"நீயா? கடைவாசல்ல தள்ளுவண்டிய இடிச்சவ."

"நான் ஏற மாட்டேன் அப்போ."

"பஸ்ஸு கெடைச்சா வா." இன்ஜினைக் கிளப்பிவிட்டார். அம்மாவும் ஏறி, கதவைச் சாத்தி, வெளியே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். கேரவன் நகர ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்து ஏறினேன். வேறென்ன செய்வது? இரண்டு பேரும் என்னுடையவர்கள்.

பிரைட்டன் ஊருக்குள் கடைத்தெருவில் முதல் சிக்னல். பச்சை. அம்மா கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சைப்பா" என்றேன்.

கார் வேகம் குறைந்து, குறைந்து, நின்றேவிட்டது.

"பச்சை! போங்க!"

"ஒரு வண்டிக்கு ரெண்டு ஃபயர்மேன் கெடையாது" என்றார். "அவ சொல்லட்டும்."

பின்னால் ஒரு ஹாரன். அப்புறம் இரண்டு. அப்புறம் தெருவே ஊதியது. பச்சை விளக்கின் கீழ் நாங்கள் ஏதோ ஊர்வலத்துத் தேர் மாதிரி நின்றோம். ஒரு ஆள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என்ன பேசினான் என்று நான் எழுத மாட்டேன். அப்பா அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சத்தம் தாங்காமல் வண்டியை எடுத்தார்.

"பாத்தியா, அவனுங்களே சொல்லிட்டாங்க. இவ தயவு ஒண்ணும் வேணாம்."

எனக்கு உடனே புரிந்தது. இனிமேல் ஹாரன்தான் அவருக்குப் பச்சை.

அடுத்த சிக்னல் சிவப்பு. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். "சிவப்பு! அப்பா, சிவப்பு! நிறுத்துங்க!" பின்னால் வந்த ஒரு கார், நாங்கள் ஊர்வதில் பொறுமை இழந்து நீளமாக ஹாரன் அடித்தது. அப்பா தலையை ஆட்டிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இடது பக்கத்திலிருந்து சோளக் கதிர் ஏற்றிய ஒரு லாரி சந்திப்புக்குள் வந்துகொண்டிருந்தது. அதன் டிரைவரின் சட்டைப் பித்தான் கூட எனக்குத் தெரிந்தது.

"சிவப்பு!"

கத்தியது அம்மா.

அப்பா பிரேக்கில் எழுந்தே நின்றார். கேரவன் பின்னாலிருந்து எங்களை மோதித் தள்ளியது. பாத்திரம் பண்டமெல்லாம் உருளும் சத்தம். லாரி எங்கள் மூக்கை உரசுகிற மாதிரிக் கடந்து போனது. சோளக் கதிர் ஒன்று துள்ளி பானட்டின் மேல் விழுந்து, உருண்டு, நின்றது.

"சிவப்பு" என்றார் அப்பா, திருப்பிச் சொல்லும் ரூல்படி.

ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை ஒதுக்கினோம். கோபம் அம்மா மேல்தான் முதலில் பாய்ந்தது.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"பங்குனிலேர்ந்து."

"தெரிஞ்சே கூடப் போனியா? ரெண்டு தடவை?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அந்த மனுஷனுக்கு ஊர்ல எவனெவனோ கைகாட்டி சொன்னான். நான் சோத்து கேரியர் கட்டிக் குடுத்துட்டு வாசல்லயே நின்னேன். இப்பத்தான் மொத மொத 'நீயும் ஏறு'ன்னு கூப்புடறாரு. வேணாம்னு சொல்லச் சொல்றியா?"

"அந்த லாரிக்காரன் செத்திருந்தா? அவனுக்கும் வீட்ல ஒருத்தி கேரியர் கட்டியிருப்பாளே."

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரி பெரிசா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு அதுகூடத் தெரியலையா?"

"ஏதோ மஞ்சளா ஒண்ணு போச்சு."

அப்புறம் சாவியைத் திருகி எடுத்தார். வேட்டித் தலைப்பால் அதைத் துடைத்தார். என் கையில் கொடுக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, காரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து அம்மாவின் கதவருகே நின்றார். அம்மா நகர்ந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"டாக்டர்கிட்ட வரேன்" என்றார். "ஆனா கேரவன விக்கக் கூடாது. அது கண்டிஷன்."

நான் ஓட்டினேன். கேரவனை இழுத்து எனக்குப் பழக்கமில்லை; நெடுஞ்சாலையில் ஓரத்துப் பாதையில் மாட்டு வண்டி மாதிரி வந்தேன். எனக்கு ஹாரன் அடிக்காத லாரியே இல்லை. அம்மா போர்டுகளை விடவில்லை. "கூடாரம், தூண்டில் முள்ளு..."

"எனக்குப் படிக்கத் தெரியும்மா!"

"ஒனக்குச் சொல்லல. அவருக்குச் சொல்றேன்."

"அஜக்ஸ்" என்றார் அப்பா, கண்ணை மூடியபடி.

வெக்ஸ்போர்டுக்கு வந்து சேர்ந்தபோது சிற்றம்பலம் வாசலில் நின்றார். "என்ன பிள்ளை, நீயோ ஓடிக்கொண்டு வாறாய்? அண்ணைக்கு என்ன?" என்று கேட்டார். "அண்ணைக்கு லீவு" என்றாள் அம்மா. எனக்குக் கேரவனைக் கழற்றத் தெரியவில்லை. காரோடு சேர்த்து அப்படியே, மூன்று வண்டி இடத்தை அடைத்து, கோணலாக விட்டுவிட்டு மேலே போனோம்.

அந்த வாரமே கண் டாக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. ஒவ்வொன்றாக எடுக்கலாம், குளிர்காலத்துக்குள் முதல் கண் முடிந்துவிடும், அதுவரை ஓட்டவே கூடாது என்றார். டாக்டர் எழுதத் தொடங்கியதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருவரையும் காணோம். கீழே பார்த்தேன். கேரவனின் பின்பக்கத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. பிரேக் விளக்கு. யாரோ காரில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாவி என் கைப்பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், இருந்தது. அப்பாவிடம் இன்னொரு சாவி இருந்திருக்குமோ? பழைய சாவி ஏதாவது? துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். லிஃப்டுக்கு நிற்கவில்லை, ஆறு மாடியும் படியில் இறங்கினேன். அந்தக் கார் நகர்ந்தால் நேரே நடைபாதை. சாயங்காலத்தில் அங்கே குழந்தைகள் சைக்கிள் விடும்.

அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். தலையில் கழுவிக் காயவைத்த தொப்பி. ஓரத்தில் இன்னும் மாவுக் கறை. கால் பிரேக்கில். பக்கத்தில் அம்மா, மடியில் டிபன் கேரியர். சாவித் துவாரம் காலி; மிதித்தால் சாவி இல்லாமலே பிரேக் விளக்கு எரியும் போலிருக்கிறது.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" மூச்சு வாங்கியதில் கத்தக்கூட முடியவில்லை.

"நிக்கறோம்" என்றாள் அம்மா. "சிவப்பு விழுந்திருக்கு."

"சிவப்பு" என்றார் அப்பா. கால் பிரேக்கை விடவில்லை.

நான் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். அம்மா கேரியரைத் திறந்து, திரும்பாமலே ஒரு இட்லியைப் பின்னால் நீட்டினாள்.